ஃபார்மட் அடிக்காமல் பிராசசர் மாற்றுவது: ஏஎம்4 போர்டில் ரைசன் 2600 போய் 5700எக்ஸ் வரும்போது

பிராசசரை மாற்றினால் விண்டோஸையும் புதிதாகப் போட வேண்டும் என்பது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பாடம். அன்றைக்கு அது உண்மை. நிறுவும் நேரத்தில் இருந்த வன்பொருளுக்கென்று ஒரு ஹால் கோப்பை (வன்பொருளுக்கும் விண்டோஸுக்கும் இடையே நிற்கும் அடுக்கு) தேர்ந்து எக்ஸ்பி வட்டில் எழுதிவைக்கும். ஒற்றைக் கோர் போய் இரட்டைக் கோர் வந்தால் அது பொருந்தாது. இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு வட்டை மாற்றியவர்களுக்கு இன்டெலின் பவர் மேனேஜ்மென்ட் டிரைவரே நீலத்திரையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டும் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் எந்த பிராசசர், எத்தனை கோர் என்று பார்த்து, தம்மிடமே இருக்கும் டிரைவரை ஏற்றிக்கொள்கின்றன. மதர்போர்டு அதுவே, பிராசசர் மட்டும் வேறு என்றால் விண்டோஸுக்கு அது பெரிய மாற்றமே இல்லை.

அப்படியும் மாற்றிய கையோடு சிஸ்டம் உள்ளே போகாமல் நிற்பதுண்டு. கடையில் கேட்டால் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. பழைய பிராசசரோடு பிணைந்திருந்த டிபிஎம் (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) சாவிகள் போயிருக்கும், அல்லது பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அமைப்புகள் புதுப் போர்டில் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கும். இரண்டையுமே கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே கவனித்துவிடலாம். அதனால் இந்தக் குறிப்பில் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கச் சற்று நேரமாகும்.

எடுத்துக்கொண்டிருப்பது பலர் வீட்டிலும் இருக்கும் ஒரு சிஸ்டம்: பி450 மதர்போர்டு, அதில் 2018-இல் வந்த ரைசன் 5 2600 (6 கோர், 12 திரெட்). அதை எடுத்துவிட்டு 2022-இல் வந்த ரைசன் 7 5700எக்ஸ் (8 கோர், 16 திரெட்) போடுகிறோம். இரண்டும் 65 வாட் வகை, இரண்டும் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்). எஸ்எம்பிஎஸ்ஸையோ (பவர் சப்ளை) ரேமையோ மாற்ற வேண்டியதில்லை.

போர்டு ஏற்குமா

சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, வாங்கப்போகும் பிராசசருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் பல ரிவிஷன்கள் உண்டு. போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிட வேண்டும். இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்திலேயே தெரியும். அதே பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரி லெகஸி (பழைய பூட் முறை) என்கிறதா, யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து, படம் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். 2600-இல் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே இருக்கும், சிக்கல் இல்லை. ஆனால் 2200ஜி, 2400ஜி, 3400ஜி போன்ற பிராசசரை வைத்துக்கொண்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே சொருகியிருப்பவர்கள் 5700எக்ஸ் போட்டால் திரை இருட்டாகவே இருக்கும். பிராசசர் நன்றாகத்தான் இருக்கும், அதற்குள் கிராபிக்ஸ் இல்லை, அவ்வளவுதான். கார்டு வாங்க விருப்பமில்லை என்றால் 5600ஜி அல்லது 5700ஜி பக்கம் போங்கள். இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் எழுத்து உள்ளவற்றுக்கும் இதே நிலைதான்.

5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. 2600-உடன் வந்த ரைத் ஸ்டெல்த் 65 வாட்டுக்கு ஆனது என்பதால் தற்காலிகமாக ஓட்டலாம். ஆனால் 8 கோரும் முழுவேகத்தில் ஓடும்போது அது இரைச்சல் போடும், சூடும் ஏறும். 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட ஒற்றைக் கோபுரக் கூலர் ஒன்றைச் சேர்த்து வாங்குவதே சரி.

சாவிகள்

ரைசன் பிராசசர்களில் டிபிஎம் தனிச் சில்லாக இல்லாமல் ஃபர்ம்வேராக ஓடுகிறது. இதற்கு எஃப்டிபிஎம் என்று பெயர். அது காக்கும் ரகசியங்கள் பயாஸ் சிப்பில் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றைப் பூட்டிய திறவுகோல் அந்த ஒரு பிராசசருக்குள் மட்டுமே இருக்கிறது. வேறு பிராசசர் வந்தால், அதே மாடலாகவே இருந்தாலும், அவற்றைப் படிக்க முடியாது. டிபிஎம்மை நம்பியிருந்த எல்லாமே அப்போது கைவிட்டுப் போகும்.

முதலாவது, பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுப் பூட்டு. "நான் அதைப் போடவே இல்லையே" என்று தாண்டிப்போக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த விண்டோஸ் 11 சிஸ்டங்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே இயங்கியிருக்கக்கூடும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் பாருங்கள். இயங்குகிறது என்றால், 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள், அல்லது போனில் படமாக வையுங்கள். அந்தக் கணினியிலேயே சேமித்தால் பயன் இல்லை. சாவி எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், என்கிரிப்ஷனை முழுதாக நிறுத்தி வட்டு விடுபட்டு முடியும்வரை காத்திருந்த பிறகே மற்ற வேலை. சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட வட்டை யாராலும் திறந்து தர முடியாது.

சாவி கையில் இருந்தால், கன்ட்ரோல் பேனலின் பிட்லாக்கர் பக்கத்தில் 'சஸ்பெண்ட் புரொடக்‌ஷன்' கொடுத்தால் போதும். அந்த இடைநிறுத்தம் அடுத்த ஒரு பூட் வரைதான் நிற்கும், அதன்பின் தானாகவே மீண்டும் இயங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். பயாஸ் அப்டேட்டுக்கு ஒருமுறை, பிராசசர் மாற்றத்துக்கு இன்னொருமுறை என்று இரண்டு தடவை செய்ய வேண்டும். ஹோம் பதிப்பில் இந்தப் பக்கம் இல்லை. அங்கே டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் திரும்பப் போடுவதே எளிது.

இரண்டாவது, விண்டோஸ் பின் நம்பர். விண்டோஸில் நுழைய நீங்கள் தட்டும் பின்னும், விரல்ரேகையும், முகமும் டிபிஎம்மோடு கட்டப்பட்டவை. மாற்றியபின் 'உங்கள் பின் கிடைக்கவில்லை' என்று விண்டோஸ் சொல்லும். அப்போது கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். நான்கு வருடமாகப் பின்னிலேயே நுழைந்துகொண்டிருந்தவருக்கு அது நினைவிருக்காது. இன்றே வேறொரு கருவியிலிருந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். இந்தக் கணினியில் மட்டும் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவி) சேமித்திருக்கும் தளங்கள் இருந்தால், அங்கெல்லாம் மாற்று வழி ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றிய பயம் தேவையில்லை. டிஜிட்டல் லைசென்ஸ் கணினியின் மொத்த வன்பொருளைப் பார்க்கிறது, அதில் கனமான பங்கு மதர்போர்டுக்குத்தான். பிராசசர் மட்டும் மாறினால் ஆக்டிவேஷன் வழக்கமாக அப்படியே இருக்கும். ஆனாலும் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்தில், லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறது என்ற வரி தெரிகிறதா பாருங்கள். இணைந்திருந்தால், ஒருவேளை போனாலும் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற தேர்வின் வழியே திரும்பப் பெறலாம்.

பயாஸ் அப்டேட், பழைய பிராசசர் இருக்கும்போதே

புதிய பிராசசரைப் போட்டபின் பயாஸை அப்டேட் செய்யலாம் என்றால் முடியாது. பழைய பயாஸுக்குப் புதியது யாரென்றே தெரியாது, திரையே வராது. பிராசசர் இல்லாமலே அப்டேட் செய்யும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுகள் மட்டுமே விதிவிலக்கு.

அப்டேட்டுக்குப் போகும் முன், இப்போதுள்ள பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். அப்டேட் முடிந்ததும் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். இவற்றைத் தவறவிடக் கூடாது:

- சாட்டா மோட் (வட்டோடு போர்டு பேசும் முறை): ஏஹெச்சிஐயா, ரெய்டா
- சிஎஸ்எம் (பழைய லெகஸி முறையில் பூட் செய்யவிடும் வசதி) இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா
- செக்யூர் பூட்
- பூட் வரிசையில் முதலில் எந்த டிரைவ்
- எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு), ரேமின் வேகம்
- எஸ்விஎம் என்ற வெர்ச்சுவலைசேஷன் அமைப்பு (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவுவது)

முதல் இரண்டும் மாறினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். பழைய எம்பிஆர் வகையில் பிரித்த வட்டில் லெகஸி முறையில் நிறுவிய விண்டோஸுக்கு சிஎஸ்எம் கட்டாயம் வேண்டும். அது அணைந்தால் வட்டு இருந்தும் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். சாட்டா மோட் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறிவிட்டால் 'இன்னாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை வரும். பிராசசர் மாற்றி விண்டோஸ் கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் கதைகளில் ஏராளமானவை இந்த ஒரு வரியில் முடிகின்றன. பழைய படத்தைப் பார்த்து அமைப்பைத் திருப்பி வைத்தால், அதே விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துவரும்.

பயாஸ் கோப்பை இறக்கி, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டும் அப்டேட் மென்பொருளைவிட, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் வசதியே நம்பகமானது. யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள். எழுதும் நடுவில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடும். இறக்கும் பக்கத்திலுள்ள குறிப்பையும் படியுங்கள்: நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவாமல் இடையில் ஒரு பதிப்பைப் போட்டாக வேண்டிய போர்டுகள் உண்டு. 16 மெகாபைட் பயாஸ் சிப் உள்ள சில போர்டுகளில், புதியவற்றுக்கு இடம் தர மிகப் பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கியிருப்பார்கள். ஏஜீஸா (பயாஸுக்கு அடித்தளமாக ஏஎம்டி தரும் நிரல்) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையதை அடிப்படையாகக் கொண்ட பதிப்பையே தேர்ந்தெடுங்கள். எஃப்டிபிஎம் இயங்கும்போது படமும் ஒலியும் நொடிப்பொழுது தடுக்கிய கோளாறை 2022-இல் ஏஎம்டி அதில்தான் சரிசெய்தது.

அப்டேட் முடிந்ததும் படங்களைப் பார்த்து அமைப்புகளைத் திருப்பி வையுங்கள். பிறகு பழைய பிராசசரோடேயே ஓரிரு நாள் ஓட்டுங்கள். பயாஸ் கோளாறா, பிராசசர் கோளாறா என்று பின்னால் தடுமாறாமல் இருக்க இந்தப் பொறுமை உதவும்.

நிறுத்துவதிலும் ஒரு முறை

ரைசன் மாஸ்டர் போன்ற ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் மென்பொருள் இருந்தால் நீக்குங்கள். பழைய பிராசசருக்கு வைத்த வோல்டேஜ் புதியதற்கு ஆகாது. வெர்ச்சுவல் மெஷின்களை 'சேவ்' நிலையில் விடாமல் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். சேமித்த நிலை வேறு பிராசசரில் திரும்ப எழாமல் போகலாம். முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

பிறகு பிட்லாக்கரை இடைநிறுத்தி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், விண்டோஸ் தன் கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் போகிறது. அடுத்த முறை அந்தப் பழைய பிராசசரின் நிலையையே திரும்ப ஏற்றப் பார்க்கும். ஷிஃப்ட் அழுத்தினால் முழுதாக நிற்கும்.

கழற்றுவது

ஏஎம்4-இல் 1331 பின்களும் (மெல்லிய ஊசிகள்) பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. சாக்கெட்டின் பிடி பின்களைப் பற்றுவது மட்டுமே, மேலே அழுத்தும் தகடு கிடையாது. பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பம் கடத்தத் தடவிய ஐந்தாறு வருடத்துப் பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டியிருக்கும். கூலரை நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். இதைத் தவிர்க்க, நிறுத்துவதற்கு முன் 10, 15 நிமிடம் கனமான வேலை எதையாவது ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

சிஸ்டம் நின்றதும் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஐந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டைப் படுக்கவைத்து, அதன் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ஃபேன் கேபிளை எடுத்துவிட்டு, ரைத் ஸ்டெல்த்தின் நான்கு ஸ்குரூக்களையும் எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். நான்கும் விடுபட்டால் போர்டின் பின்னாலுள்ள பேக் பிளேட் விழலாம், அது தொலைந்தால் புதிய கூலரும் நிற்காது. இப்போது கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுப்பது கையில் தெரியும். தெரிந்தபின் தூக்குங்கள். திருகாமல் தூக்கவே கூடாது.

சாக்கெட் ஓரத்து நெம்புகோலைச் சற்று வெளியே தள்ளி, நிமிர்த்தி நிறுத்துங்கள். பழைய பிராசசரை ஓரங்களைப் பிடித்து நேராக எடுத்துப் புதியதன் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுநூல் விடாத துணியால் அதன் முதுகிலுள்ள பேஸ்ட்டைத் துடையுங்கள். சாக்கெட் துளைகளுக்குள் பேஸ்ட் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய சிஸ்டம் சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழைய பிராசசரை விற்காதீர்கள். ஏன் என்பது முதல் பூட்டில் தெரியும்.

பொருத்துவது

பிராசசரின் ஒரு மூலையில் தங்கநிற முக்கோணம், சாக்கெட்டின் ஒரு மூலையிலும் அதே முக்கோணம். இரண்டும் சேரும்படி வைத்து விட்டால் தானாகவே உட்காரும். விரலால் அழுத்தினால் ஏதோ தவறு என்று பொருள். எடுத்து, பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்து வளைந்த பின் உண்டா பாருங்கள். இருந்தால் மெல்லிய பிளேடால் வரிசையோடு ஒட்டி நிமிர்த்தலாம், அவசரம் காட்டினால் முறியும். உட்கார்ந்ததும் நெம்புகோலை இறக்கிப் பூட்டுங்கள்.

நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். கூலரை நேராக இறக்கி, ஸ்குரூக்களை மீண்டும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று முறை வைத்து இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க முடுக்கினால் பேஸ்ட் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்தீர்களா என்று பாருங்கள். ஃபேன் கேபிள் 'சிபியு ஃபேன்' என்று அச்சிட்ட இடத்திலேயே போக வேண்டும். வேறு இடத்தில் போட்டால் பயாஸ் ஃபேன் இல்லை என்று சொல்லி நிற்கும்.

முதல் பூட்

பொத்தானை அழுத்தியதும் திரை வராமல், சிஸ்டம் இரண்டு மூன்று முறை தானே நின்று எழலாம். புதிய பிராசசர் ரேமோடு பழகும் நேரம் அது. இரண்டு நிமிடமாவது கை வைக்காமல் விடுங்கள்.

பிறகு பெரும்பாலான ஏஎம்டி போர்டுகளில் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு வரும்: புதிய சிபியு பொருத்தப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம் தரவு மாறியுள்ளது, அழித்துப் புதிதாக்க 'ஒய்', பழையதை வைத்திருக்க 'என்'. பதறி எதையாவது தட்டுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 'ஒய்' தட்டினால் பழைய சாவிகள் நிரந்தரமாக அழியும். 48 இலக்கச் சாவியும் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் தயங்காமல் தட்டலாம். 'என்' தட்டினால் பழைய சாவிகள் அப்படியே இருக்கும், புதிய பிராசசரில் எஃப்டிபிஎம் இயங்காது. சாவி எடுக்க மறந்தவர்களுக்கு இது திரும்பும் வாசல்: 'என்' தட்டி, அணைத்து, பழைய பிராசசரைத் திரும்பப் பொருத்தினால் வட்டு முன்போலத் திறக்கும். சாவியை எழுதிக்கொண்டு மீண்டும் தொடங்கலாம்.

விண்டோஸுக்குள் போகும் முன் பயாஸில் நுழைந்து, புதிய பிராசசரின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சாட்டா மோட், சிஎஸ்எம், பூட் வரிசை மூன்றையும் படங்களோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்எம்பியை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள்.

உள்ளே போனபின்

பின் நம்பர் வேலை செய்யாது. உள்நுழையும் திரையில் பாஸ்வேர்டைத் தேர்ந்து நுழைந்து, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் புதிய பின் வையுங்கள். அலுவலகக் கணக்கு இருந்தால் ஆஃபிஸ், டீம்ஸ் போன்றவை டிபிஎம் பழுதாகிவிட்டது என்று 80090016 எண்ணைக் காட்டலாம். பழுதில்லை, பழைய சாவியைத் தேடுகிறது. 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' பக்கத்தில் அந்தக் கணக்கைத் துண்டித்து மறுபடி சேர்த்தால் வழக்கமாகச் சரியாகும். அது நிறுவனம் கொடுத்த கணினி என்றால், துண்டிப்பதற்கு முன் ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

பிட்லாக்கர் ஒவ்வொரு பூட்டிலும் சாவி கேட்டால், என்கிரிப்ஷனை முழுதாக அணைத்து மீண்டும் போடுங்கள். புதிய டிபிஎம்மோடு அது புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

ஏஎம்டியின் தளத்திலிருந்து சமீபத்திய சிப்செட் டிரைவரை நிறுவி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் 8 கோர், 16 லாஜிக்கல் பிராசசர் என்று தெரிய வேண்டும். 12 மட்டுமே தெரிந்தால், சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவியில் பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே 'பிராசசர்களின் எண்ணிக்கை' பெட்டியில் டிக் இருக்கும். வேகம் கூடும் என்று எங்கோ பார்த்து முன்பு எப்போதோ 12 என்று வைத்திருப்பீர்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

இப்போது பயாஸில் எக்ஸ்எம்பியைப் போடுங்கள். வெர்ச்சுவல் மெஷினோ டபிள்யூஎஸ்எல்லோ (விண்டோஸுக்குள் லினக்ஸ்) பயன்படுத்துபவர்கள் எஸ்விஎம்மையும் இயக்க வேண்டும், பிராசசர் மாறியதில் அது அணைந்திருக்கக்கூடும். அரைமணி நேரம் முழுச்சுமை கொடுத்து வெப்பத்தைப் பாருங்கள். 5700எக்ஸின் எல்லை 90 டிகிரி செல்சியஸ். நல்ல கூலரோடு அதற்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். தொடங்கிய சில நொடியிலேயே 90-ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, கழற்றிப் புதிய பேஸ்ட்டோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்து ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் பிழைப் பதிவேடு) 'டபிள்யூஹெச்இஏ லாகர்' என்ற வன்பொருள் பிழைகள் விழுந்திருந்தால், எக்ஸ்எம்பியை அணைத்து நிற்கின்றனவா பாருங்கள். நின்றால் ரேம் வேகத்தை ஒரு படி குறைத்தால் தீரும்.

ரைசன் 1000 வரிசையிலிருந்து மாறுபவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு: அந்த வரிசையை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. 5700எக்ஸ் வந்து எஃப்டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இயங்கினால், விண்டோஸ் 10-இலிருந்து கோப்பு எதையும் இழக்காமல் முறையாகவே மேலேறலாம்.

இன்டெலும் லினக்ஸும்

இன்டெலின் எல்ஜிஏ1700-இல் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. கூலரோடு பிராசசர் பிய்ந்து வராது, ஆனால் சாக்கெட்டில் ஏதாவது விழுந்தால் போர்டே போகும். 12-ஆம் தலைமுறையிலிருந்து 13 அல்லது 14-ஆம் தலைமுறைக்குப் போனால், 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோட் (பிராசசரின் உள்நடத்தையைத் திருத்தும் சிறு நிரல்) உள்ள பயாஸைப் போட்ட பிறகே பிராசசரைப் பொருத்துங்கள். அதிக வோல்டேஜால் அந்தச் சிப்கள் நிரந்தரமாகக் கெடுவதைத் தடுக்க 2024-இல் வந்த திருத்தம் அது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அது குணப்படுத்தாது.

லினக்ஸில் வேலை இன்னும் குறைவு. பொதுவான விநியோகங்களின் கெர்னல் எந்த பிராசசரிலும் எழும். ஒரே நிறுவனத்துக்குள் மாறினால் மைக்ரோகோட் தொகுப்பும் அதுவே. மூலநிரலிலிருந்து எல்லாவற்றையும் நாமே தொகுக்கும் ஜென்டூவில், அந்தப் பிராசசருக்கென்றே 'நேட்டிவ்' என்று கொடுத்துத் தொகுத்திருந்தால் மட்டும் எச்சரிக்கை: பழைய பிராசசரில் இருந்த, ஆனால் புதியதில் இல்லாத கட்டளை ஏதேனும் இருந்தால், நிரல்கள் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழும். மாற்றுவதற்கு முன்பே பொதுவான அமைப்பில் ஒருமுறை தொகுத்துவிடுங்கள். வட்டை டிபிஎம் வழியே திறக்கும்படி வைத்திருந்தால், லக்ஸ் (லினக்ஸின் வட்டுப் பூட்டு) கடவுச்சொல் ஒன்று தனியாக இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதைப் பழைய பிராசசர் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள்.